டீச்சரைக் கேளுங்கள்: பள்ளிக்கூடத்தை நடத்துவது யார்?

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, அந்த ஊர்ப் பள்ளிக்கூட போர்டின் கூட்டத்துக்கு இரண்டு முறை போய்வந்தேன். போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே அதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 'பள்ளிக்கூடத்தை யார் நடத்துகிறார்கள் என்பது அங்கே பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது, இங்கே ஹெச்.எம்.முக்கே பாதிதான் தெரியும்' என்று அதில் ஒரு வரி. இந்த மாதம் வந்திருக்கும் கடிதங்கள் எல்லாம் அந்த வரிக்குத்தான். இரண்டு ஹெச்.எம்.கள் நன்றாகவே திட்டியிருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்தவள் நான், கடைசி ஒன்பது வருஷம் ஹெச்.எம்.மாக. பாதி மட்டும் தெரிந்தவர்கள் பட்டியலில் என் பெயர்தான் முதலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல், மூட்டுவலிக் கேள்விகள் அடுத்த மாதம்.

'போர்டு' என்கிறீர்களே, அது நம் கல்வி அலுவலகம் மாதிரியா? ஒரு சின்ன ஊருக்குத் தனியாக ஒரு பள்ளி மாவட்டமா?
– வாசகர், குன்னூர்

மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீசை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பள்ளி மாவட்டம் என்பது பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்றே உள்ள ஒரு குட்டி அரசாங்கம். நகராட்சி வேறு, இது வேறு. பரப்பில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு வருகிற நியூ ஜெர்சியில் இப்படிச் சுமார் 600 இருக்கின்றன. மகள் இருக்கும் ஊரில் மூன்றே பள்ளிக்கூடம், அதுவும் எட்டாம் வகுப்பு வரை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். அவர்களுடைய படிப்புச் செலவை இந்த ஊர் மாவட்டம் அந்த ஊர் மாவட்டத்துக்குக் கட்டிவிடுகிறது. நம் ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், எட்டு முடித்துக் கோத்தகிரிக்குப் போகிற பிள்ளைக்காக, ஹட்டி கோத்தகிரிக்குப் பணம் கட்டுவதாக நினைத்துப் பாருங்கள்.

போர்டில் ஒன்பது பேர். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு மூன்று வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. சம்பளமும் கிடையாது, அந்த மாநிலச் சட்டமே அதைத் தடுக்கிறது. நான் பார்த்த போர்டில் ஒரு பல் டாக்டர், ஒரு வீட்டு புரோக்கர், ரிட்டையரான ஒரு போலீஸ்காரர், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டுப் போட்ட ஒரு அம்மா எல்லாம் இருந்தார்கள். இவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியரை அதட்ட முடியாது. சூப்பரின்டெண்டெண்ட் என்று ஒருவரை ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைக்கிறார்கள், நடத்துவது அவர் பொறுப்பு. கொள்கை, வரவுசெலவு, யாரை வேலைக்கு எடுப்பது என்பதெல்லாம் போர்டின் ஓட்டுக்கு வரும். ஒரு புது டீச்சரை எடுத்தால்கூட பெயர் வாசித்து, கை தூக்கி, குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

கூட்டம் பள்ளி நூலகத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டுமே, அதற்குத்தான் அந்த நேரம். வாசலில் நிகழ்ச்சிநிரல் காகிதம் அடுக்கி வைத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மகள் பாக்காதே என்று சொல்லியும் நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். (ஹெச்.எம். புத்தி.) அந்த மாதம் கொடுக்கப்போகிற காசோலைகள் அத்தனையும் வரிசையாக இருந்தன. பேப்பர் வாங்கியது, பாய்லர் பழுதுபார்த்தது, பியானோவுக்குச் சுருதி சேர்த்தது வரை. அந்தப் பியானோ வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். நம் பள்ளிக்கு வந்த பணத்தில் எது எதற்குப் போனது என்று ஊரில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. நானும் ஒட்டி வைத்ததில்லை.

அப்புறம் பொதுமக்கள் பேசும் நேரம். அதை ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒரு அம்மா எழுந்து, பஸ் நிற்கும் இடத்தைச் சாலையின் எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டீர்கள், அந்தப் பக்கம் நடைபாதையே இல்லை, என் பையனுக்கு ஆறு வயது என்றார். மூன்றாம் நிமிஷம் டைமர் கத்தியது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். போர்டுத் தலைவர் 'நன்றி' என்றதோடு சரி, எனக்குச் சப்பென்று போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடி போனபோது அந்த அம்மாவையே கேட்டேன். இடத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் எழுத்தில், காரணத்தோடு, இரண்டே வாரத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு 'முடியாது'வுக்காக இரண்டு வருஷம் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கதை கீழே வருகிறது.

பள்ளிக்கூடச் செலவு வீட்டு வரியிலிருந்தா? நம் ஊரில் அப்படி வைத்தால் கலவரம் வராதா?
– கடைக்காரர், உதகை

அங்கேயும் சின்னக் கலவரம் வருஷா வருஷம் உண்டு. நியூ ஜெர்சியில் ஒரு குடும்பம் கட்டும் சொத்து வரியில் சராசரியாகப் பாதிக்குமேல் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. வசந்த காலத்தில் பட்ஜெட் கூட்டம் என்றால் நூலகத்தில் நிற்க இடம் இருக்காதாம். வரி வசூலை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று 2010-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், சில விதிவிலக்கோடு. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட பெரியவர்கள் 'எனக்கென்ன' என்று எழுந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே நல்ல போர்டு உறுப்பினர்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பங்களா ஊருக்குப் பணக்காரப் பள்ளி, கூலிக்காரர் ஊருக்கு ஏழைப் பள்ளி என்று ஆகிவிடும். ஆகியும் இருந்தது. ஆபட் வழக்கு என்று ஒன்று, பல வருஷம் நடந்தது. ஏழை நகரப் பள்ளிகளுக்கும் வசதியான புறநகர்ப் பள்ளிகளுக்கு நிகராகப் பணம் தர வேண்டும் என்று 1990-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போட்டது. நம் ஊரில் ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. சேரம்பாடி டீச்சருக்கும் சென்னை டீச்சருக்கும் ஒரே சம்பள விகிதம், மலையில் இருப்பவர்களுக்கு மலைப்படி, குளிர்காலப் படி கொஞ்சம் கூடுதல். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களைவிட நியாயமாக இருக்கிறோம் என்று அங்கேயே ஒரு விருந்தில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

உங்கள் சொத்து வரி ரசீதையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நகராட்சியில் கட்டும் வரியில் கல்விக்கென்று ஒரு பங்கு உண்டு, நூலக வரி தனி. கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பள்ளியின் கைக்கு வரும் பணம் வேறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் தலையை எண்ணித்தான் வரும்: 30 பிள்ளைகள் வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000. மலையில் பெரும்பாலும் முதல் இரண்டு படியில்தான் நிற்போம். 28 பிள்ளைகள் இருந்த பள்ளியில் பத்தாயிரத்தை வைத்து நான் என்ன செய்தேன்? சாக்பீஸ், பதிவேடு, பினாயில், பல்பு, குழாய் வாஷர், கரும்பலகைக்குக் கறுப்பு பெயின்ட். எல்லாவற்றிலும் கொஞ்சம். பெயின்ட் கதை மட்டும் சொல்கிறேன். ஒரு வருஷம் பணம் தாமதமாக வந்து, ஐப்பசி மழையில் பலகைக்கு அடித்தோம். பதினோரு நாள் காயவில்லை. விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் தங்கள் விரல் ரேகையை வரிசையாகப் பதித்து வைத்திருந்தார்கள், பெயரோடு. அதன்மேல்தான் அந்த வருஷம் முழுக்க எழுதினோம். சமவெளியில் இருந்துகொண்டு தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுபவர்களுக்கு, இங்கே பெயின்ட் காயாது என்பது எங்கே தெரியப்போகிறது?

டீச்சர், அமெரிக்காவில் மழை லீவு உண்டா? யார் விடுவாங்க?
– ஏழாம் வகுப்பு மாணவன், எருமாடு

உண்டு கண்ணு. அங்கே மழையைவிடப் பனிக்குத்தான் அதிகம். சூப்பரின்டெண்டெண்ட் விடியும் முன்னால் எழுந்து சாலையைப் பார்த்து முடிவெடுப்பார், எல்லார் போனுக்கும் செய்தி போய்விடும். ஆனால் வருஷத்துக்கு 180 நாள் பள்ளி நடந்தே ஆக வேண்டும். பனிக்கு விட்ட லீவைக் கோடை லீவில் கழித்துக்கொள்வார்கள். என் பேரன் ஜூன் மாதம் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே விடுவது கலெக்டர். அதுவும் மாவட்டம் முழுக்க விடாமல், 'கூடலூர், பந்தலூர் தாலுகாவுக்கு மட்டும்' என்று வரும். சரிதானே? ஆடியில் நீ நனையும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் நனைவோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82. அந்த இரண்டும் இரண்டு வேறு பருவமழை. உன் புவியியல் டீச்சரிடம் ஏன் என்று கேள். லீவு விட்டதும் டிவி முன்னால் உட்காராமல் இதைக் கேட்டிருக்கிறாய், சந்தோஷம்.

பள்ளிக் கூரை ஒழுகினால் ஒருவர், ஆசிரியர் வராவிட்டால் ஒருவர், முட்டை சின்னதாக இருந்தால் ஒருவர். எதற்கு யாரிடம் போவது? பட்டாளத்தில்கூட இவ்வளவு குழப்பம் இல்லை.
– முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன் அருகே

ஐயா, பட்டாளத்தில் ஒரு சங்கிலி. இங்கே ஐந்தாறு சங்கிலி, எல்லாம் ஒரே ஹெச்.எம். காலில் மாட்டியிருக்கும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பெயர்ப்பலகையில் இருக்கிறதே, முன்பு ஆசிரியரும் ஒன்றிய ஊழியர்தான். 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். கட்டடம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து டீச்சர் ஒரு துறை, அவர் நிற்கும் தரை இன்னொரு துறை. ஆகவே, கூரை, சுவர், கழிப்பறைக் கட்டடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆசிரியர், வகுப்பு, விடுப்பு என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். 2018 வரை இவரை உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்றோம், பெரியவர்கள் இன்றும் 'ஏ.இ.ஓ.' என்றுதான் சொல்வார்கள். அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். மதியச் சத்துணவு சமூக நலத் துறையின் திட்டம், மனு கொடுக்க ஒன்றிய அலுவலகத்திலேயே சத்துணவுப் பிரிவு இருக்கும். 2022-ல் தொடங்கிய காலை உணவைக் கிராமங்களில் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். குடிநீருக்கு ஊராட்சி. நகராட்சிப் பள்ளி என்றால் கட்டடத்துக்கு நகராட்சி ஆணையர். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் மொத்தமாகவே வேறு துறை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் பள்ளிகளின் கதை தனி. தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் தோட்ட உரிமையாளரே பள்ளி வசதி செய்துதரும்படி உத்தரவிட 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வழி வைத்திருந்தது.

இப்போது நான் சொன்ன அந்த 'முடியாது' கதை. சமையலறைக்குப் பின்னால் ஒரு கற்பூர மரம் சாய்ந்து நின்றது. காற்றடித்தால் கிளை கூரை ஓட்டை உரசும், உள்ளே ஆயம்மா கரண்டியோடு வெளியே ஓடிவருவார். மரத்தை வெட்ட வேண்டும். நம் மலையில் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது, 1955-ல் இருந்தே மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மனுவை யார் போடுவது? கட்டடம் உங்களுடையது இல்லை, கட்டடக்காரர் எழுதட்டும் என்றது ஓர் அலுவலகம். மரம் நிற்பது எங்கள் சர்வே எண்ணில் இல்லை என்றது இன்னொன்று. அளந்து காட்டச் சொல்லி மூன்றாவது அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் பதினேழு கடிதம், நகல்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. 'முடியாது' என்றுகூட யாரும் எழுதவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மரம் தானாகவே விழுந்தது, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து. திங்கட்கிழமை காலையில் மூன்று அலுவலகத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். விழுந்த மரம் யாருக்குச் சொந்தம் என்று பேச்சு ஆரம்பமானது.

மகள் ஊரில் கட்டடமும் மைதானமும் பார்க்க ஒரே ஆள். கோட்டுப் பையில் ஸ்பானர் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவார். பொறாமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் 9 பிள்ளைகள். மூடிவிடுவார்கள் என்று பேச்சு. நிஜமா?
– வாசகி, கீழ்கோத்தகிரி அருகே

ஒன்பது பிள்ளைகள் இருக்கும்வரை பள்ளி இருக்கும், பயப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், ஒன்பது பேருக்கும் அதே இரண்டுதான். ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகளைத்தான் 2019-ல் தற்காலிகமாக நூலகமாக்கினார்கள். ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒருவர் மாறுதலில் சமவெளிக்குப் போவார், இன்னொருவர் பயிற்சிக்குப் போவார், கதவு பூட்டியிருக்கும். அதைப் பார்த்து இரண்டு குடும்பம் பிள்ளையை வேனில் ஏற்றிவிடும். அப்புறம் ஏழு.

பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாமே என்பார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்பது விதி, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாகவும் இருக்கும். அந்த ஒரு கிலோமீட்டர் தேயிலைத் தோட்டத்துக்குள் போகிறதா, சோலை ஓரமாகவா, காலை எட்டு மணிக்குக் காட்டெருமை நிற்கிற வளைவு எது, இதெல்லாம் வரைபடத்தில் இல்லை. எண்ணெய் வாசனைக்குக் கரடி சத்துணவுக் கூடத்துக் கதவை உடைத்த ஊர்களில் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பச் சொல்ல முடியுமா? நியூ ஜெர்சியில் இரண்டு மைலுக்கு மேல் தள்ளி இருக்கும் தொடக்க வகுப்புப் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாவட்டத்தின் கடமை. நம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலும் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளுக்கு வண்டிச் செலவு அல்லது துணைக்கு ஆள் என்று உதவி இருக்கிறது. 'சேர்ப்பதில் ஆட்சேபணை இல்லை, வண்டி எங்கே' என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆக, அமெரிக்காதான் மேல் என்கிறீர்கள்?
– 'தேசபக்தன்', இடம் குறிப்பிடவில்லை

இல்லை. போர்டுத் தேர்தலில் ஓட்டுப் போடாதவர்கள்தான் அங்கே அதிகம், மகளும் மருமகனும் உட்பட. நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று தொண்டை வறளக் கத்துகிற ஊர்களும் உண்டு. நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, வீட்டு வருமானம் என்ன என்று யாரும் கேட்காமல் காலையில் சூடாகப் பொங்கல் கிடைக்கிறது. பேரன் பள்ளியில் எனக்குக் காட்டிய மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பீட்சா. போதுமா, ஐயா?

டீச்சர், எங்கள் பள்ளியில் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். பச்சைத் தேயிலை பறிக்கிற வேலை எனக்கு. மாதம் ஒரு தடவை நோட்டைக் கொடுத்து விடுகிறார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?
– ஒரு தாய், கட்டபெட்டு

அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதற்கு நான் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

அந்த ஒன்பது பேர் போர்டு மாதிரி நமக்கு எதுவும் இல்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கிறது. நீங்கள்தான் அது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் 21-ம் பிரிவு: ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு, அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேராக அமைத்தார்கள், 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். தலைமை பெற்றோருக்குத்தான், ஹெச்.எம்.முக்கு இல்லை. பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவது, இதெல்லாம் சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலை. அந்த ஊர் போர்டுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் உண்டு. டீச்சரை வேலைக்கு எடுக்கவோ வரி போடவோ உங்களால் முடியாது. ஆனால் கேட்கலாம், எழுதலாம். அதற்கு மேல் அந்தப் பஸ் நிறுத்த அம்மாவுக்கும் இருக்கவில்லை.

தப்பாக நினைப்பார்களோ என்கிறீர்கள். என் கதையைக் கேளுங்கள். குழு வந்த புதிதில் நானும் நோட்டைக் கொடுத்துவிடுகிற ஆள்தான். ஒரு மாதம் ஆள் கிடைக்காமல் நானே எடுத்துக்கொண்டு, சாயங்காலம் தேயிலை எடை போடுகிற கொட்டகைக்குப் போனேன். அப்போதைய தலைவி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தலையில் பிளாஸ்டிக் சீட்டு, இடுப்பில் படங்கு, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. 'ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷம்' என்றேன். 'இருங்க டீச்சர்' என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தராசில் வைத்தார். முள் நிற்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. எடை போடுகிறவர் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தார். 'இன்னைக்கு மழையே இல்லையே, எதுக்கு ஈரம்?' என்று தலைவி கேட்டார். கொஞ்சம் முனகிவிட்டு அவர் ஒரு கிலோ கூட்டி எழுதினார். சீட்டை வாங்கி வாசித்து, மடித்து, இடுப்பில் செருகிவிட்டு என் பக்கம் திரும்பினார். நோட்டை நீட்டினேன். 'இதுல என்ன எடை போட்டிருக்கீங்க டீச்சர்?' என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்குத்தான் வாய் அடைத்துப்போனது. கொட்டகை வாசலில் நின்றபடியே வாசித்துக் காட்டினேன். 'குழு கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது' என்று எழுதியிருந்தது. 'எப்ப கூடினோம்?' என்றார்.

அதற்கப்புறம் கூட்ட நேரத்தை மாற்றினேன். மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தால் தோட்ட வேலைக்காரர் யார் வருவார்? அரை நாள் கூலி போய்விடும். எடை போட்டு முடித்த பிறகு, ஐந்தரைக்கு வைத்தோம். ஏழெட்டுப் பேர் வந்தார்கள், கைக்குழந்தையோடு, ஈரக் குடையோடு. முதல் கூட்டத்தில் வரவுசெலவை நான் வாசித்தபோது ஒரு அப்பா, 'பல்பு ஆறு வாங்கியிருக்கீங்க, எரியிறது நாலுதானே' என்றார். மற்ற இரண்டும் பீரோவில் ஸ்பேராக இருந்தன. எடுத்துக் காட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிஷம். பிறகு அதே அப்பாதான் மறுவாரம் ஏணியைக் கொண்டுவந்து கூரைத் தகரத்தில் நாலு ஆணி அடித்துக் கொடுத்தார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை நோட்டு வந்தால் 'கூட்டத்தில் போடுகிறேன்' என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், சண்டை வேண்டாம். கூட்டத்தில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு வாசிக்க வந்தாலும். மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மூன்று கேள்வி. பதில் வராவிட்டால் கேட்டதையே தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். கட்டட விஷயம் என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். அதுவரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். கேள்வி வரும் என்று தெரிந்தாலே ஹெச்.எம்.கள் நோட்டை ஒழுங்காக எழுதுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

கூட்டத் தேதி முடிவானதும் ஒரு கார்டு போடுங்கள். கட்டபெட்டு எனக்குப் பஸ்ஸில் அரை மணி. வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். பேச மாட்டேன். நிகழ்ச்சிநிரல் காகிதம் மட்டும் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.